கப்பலில் போட்ட கணக்கு

'டாக்டர் ஹூ' பார்க்கிற ஆளா நீங்க? பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 1963-ல் பிபிசியில் ஆரம்பிச்ச தொடர். நாயகனிடம் டார்டிஸ் என்று ஒரு கப்பல் உண்டு. வெளியே பார்த்தால் நீல நிறத்தில் ஒரு பழைய போலீஸ் பெட்டி. உள்ளே போனால் நம்ம காலேஜ் மெயின் பிளாக்கை விடப் பெரிசு. காலத்தில் முன்னாடியோ பின்னாடியோ எங்கே வேணும்னாலும் போகும்.

சரி, அதுக்கு பவர் எங்கிருந்து வருது? இன்ஜினியரிங் படிக்கிறவன் முதல்ல கேக்குற கேள்வி அதுதானே. போன சீசன்ல, வெளியே சாரல் அடிச்சுக்கிட்டிருக்க, ஹாஸ்டல் ரூம்ல ஒரு லேப்டாப் முன்னாடி நாலு பேர் உக்காந்து 2013-ல் வந்த ஒரு எபிசோடைப் பார்த்தப்போ பதில் கிடைச்சது. கப்பலின் வயிற்றுக்குள்ளே ஒரு விண்மீன். வெடிச்சுக் கருந்துளையாகச் சரியப்போகிற அந்தக் கணத்திலேயே நிறுத்திவைக்கப்பட்ட விண்மீன். அதுக்குப் பேரு 'ஐ ஆஃப் ஹார்மனி'.

நிறுத்திவைக்கிறது கற்பனை. ஆனா விண்மீன் தாங்க முடியாமல் சரியும் என்கிறது கற்பனை இல்லை. அதற்கான கணக்கைப் போட்டவர் மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச ஒரு 19 வயசுப் பையன். வேடிக்கை என்னன்னா, அவரும் அதைக் கப்பல்லதான் போட்டார்.

சுப்ரமணியன் சந்திரசேகர். 1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வே கணக்குத் துறையில் வேலை, அதனாலதான் லாகூர். பத்துப் பிள்ளைகளில் மூணாவது, ஆண்களில் மூத்தவர். சி.வி. ராமன் சித்தப்பா. அம்மா சீதாலட்சுமி, இப்சனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். 1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அப்புறம் பிரசிடென்சி காலேஜ்.

1928-ல் ஜெர்மனியிலிருந்து சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். பையன் அவரை நேரில் போய்ப் பார்த்தான். நீ படிச்ச இயற்பியல் பழசாகிப் போச்சுன்னு அவர் முகத்துக்கு நேரா சொல்லிட்டார். நமக்கு யாராவது அப்படிச் சொன்னா ரெண்டு நாள் மெஸ்ஸுக்கே போகமாட்டோம். இவர் புதுக் குவாண்டம் புள்ளியியலைத் தானே உக்காந்து படிச்சார். அடுத்த வருஷமே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வந்துவிட்டது. டிகிரி முடிக்கும் முன்னாடியே!

அரசு உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ் போக 1930 ஜூலை 31-ல் பம்பாயில் 'பில்ஸ்னா' கப்பல் ஏறினார். அம்மா அப்போ நோயில் கிடந்தார். மகன் போயே ஆகணும்னு பிடிவாதமா அனுப்பிவைத்ததும் அவர்தான். அடுத்த மே மாதம் அம்மா இறந்தபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார்.

முதல் சில நாள் கடல் கொந்தளிப்பு. கடல் அடங்கினதும் டெக்கில் உக்காந்து கணக்கை எடுத்தார். அது என்ன கணக்குன்னு புரிய நீங்க குற்றாலம் வரணும்.

மெயின் அருவியில் குளிச்சிருப்பீங்க. உச்சியிலிருந்து விழுற தண்ணி நேரா நம்ம தலையில விழுறதில்லை. நடுவில் பொங்குமாங்கடல்னு ஒரு பள்ளம். அதில் விழுந்து, வேகம் அடங்கி, நிரம்பி வழிஞ்சுதான் கீழே வருது. அதனாலதான் நம்ம மண்டை தப்பிக்குது. எரிபொருள் தீர்ந்த விண்மீனும் இப்படித்தான். தன் எடையாலேயே உள்பக்கமா விழ ஆரம்பிக்கும். ஓரளவுக்கு மேல் நெருக்கினால் எலக்ட்ரான்கள் இடம் கொடுக்காமல் எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்புதான் விண்மீனுக்குப் பொங்குமாங்கடல். அப்படித் தாங்கி நிற்கிறதை வெண்குள்ள விண்மீன் என்கிறோம். சூரியன் அளவு எடை, பூமி அளவு உருவம். கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபவுலர் 1926-லேயே இதைச் சொல்லிவிட்டார். எல்லா விண்மீனும் கடைசியில் இப்படி அடங்கிடும்னு நிம்மதியா இருந்தாங்க.

சந்திரா ஒரே ஒரு விஷயத்தைச் சேர்த்தார். நெருக்க நெருக்க எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்போ ஐன்ஸ்டீனின் சிறப்புச் சார்பியலைக் கணக்கில் எடுக்கணும். எடுத்துப் பார்த்தால் எதிர்ப்பு நினைச்ச அளவுக்கு வலுவா இல்லை. எடை ஒரு வரம்பைத் தாண்டினால் தாங்கவே தாங்காது. ஆர்ச்சைத் தாண்டி வெள்ளம் வர்ற அன்னைக்குப் பொங்குமாங்கடலால ஒண்ணும் பண்ண முடியாது, போலீஸ் கயிறு கட்டிடுவாங்க இல்லையா, அந்த மாதிரி. இன்றைய கணக்குப்படி அந்த வரம்பு சூரியனின் எடையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. அதுக்கு மேலே போனால்? விண்மீன் எங்கே போய் நிற்கும்? 1930-ல் யாரிடமும் பதில் இல்லை.

1933-ல் டாக்டர் பட்டம், டிரினிட்டி கல்லூரியில் ஃபெலோ பதவி. கணக்கை முழுசா, துல்லியமா போட்டு முடிக்க இன்னும் ஒரு வருஷம் ஆனது. அந்த நாட்களில் அடிக்கடி அவர் அறைக்கு வந்து கணக்கு எந்த அளவில் இருக்குன்னு விசாரித்தவர் ஆர்தர் எடிங்டன். 1919 கிரகணத்தில் ஐன்ஸ்டீன் சொன்னது சரின்னு காட்டிய அதே எடிங்டன். காலேஜ் நாளில் சந்திரா பரிசாக வாங்கிய புத்தகமும் அவர் எழுதியதுதான்.

1935 ஜனவரி 11, லண்டன், ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திராவுக்கு 24 வயசு. பேசி முடித்து உக்கார்ந்தார். அடுத்து எடிங்டன் எழுந்தார். இப்படி ஒரு அபத்தத்தை இயற்கை அனுமதிக்காது, சார்பியலையும் குவாண்டத்தையும் இந்தப் பையன் முடிச்சுப் போட்ட விதமே தப்புன்னு கிண்டலும் கேலியுமா பேசினார். அரங்கம் சிரித்தது. இத்தனை நாள் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை.

எனக்கு எடிங்டன் மேலே கூட அவ்வளவு கோபம் வரலை. பெரிய ஆள், தப்பா நினைச்சார், நினைச்சதை மேடையிலேயே சொன்னார். நீல்ஸ் போரும் பௌலியும் சந்திரா சொல்றதுதான் சரின்னு தனிப்பட்ட முறையில் ஒத்துக்கிட்டாங்க. ஆனா வெளியே வந்து சொல்ல யாரும் தயாரா இல்லை. அதுதான் உறுத்துது.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சண்டையைத் தொடரலாம், இல்லை எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கு வந்திருக்கலாம். சந்திரா ரெண்டும் செய்யலை. கணக்கு முழுவதையும் ஒரு புத்தகமா எழுதி 1939-ல் வெளியிட்டார். அப்புறம் வேறு துறைக்குப் போய்ட்டார். எடிங்டனோடு நட்பை முறிக்கவும் இல்லை. 1944-ல் அவர் இறந்தபோது மனசார அஞ்சலி செலுத்தினார்.

இதற்கிடையே 1936-ல் சென்னை வந்து, பிரசிடென்சியில் கூடப் படித்த லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பயணத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. கணித மேதை ராமானுஜனின் நல்ல படம் ஒண்ணு வேணும்னு ஹார்டி கேட்டிருந்தார். சந்திரா ஜானகி அம்மாளைத் தேடிப்போய்ப் பார்த்து, பாஸ்போர்ட் படத்தை வாங்கிக்கொண்டு போனார். நம்ம புத்தகங்களில் பார்க்கிற ராமானுஜன் முகம் அப்படித்தான் நமக்குக் கிடைச்சது.

1937-லிருந்து அமெரிக்கா, சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகம். அவர் வேலை செய்த முறை விசித்திரமானது. ஒரு துறையை எடுப்பார், பத்து வருஷம் போல அதில் மூழ்குவார், கனமான ஒரு புத்தகம் எழுதுவார், கதவைச் சாத்திட்டு அடுத்த துறைக்குப் போய்டுவார். நடுவில் 1952 முதல் 1971 வரை 'ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்' ஆசிரியர்.

உலகம் அந்தப் பழைய கணக்குக்கு மெதுவாத்தான் வந்து சேர்ந்தது. 1939-ல் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் விண்மீன் முழுசா சரிவதைக் கணக்கிட்டார்கள். 1967-ல் பல்சார் கண்டுபிடிக்கப்பட்டது. 'கருந்துளை'ங்கிற பேர் பரவியதும் அந்தக் காலத்தில்தான். அறுபது வயசைத் தாண்டிய சந்திரா, இளமையில் விட்டுட்டுப் போன வாசலுக்கே திரும்பி வந்தார். 1975-ல் மாரடைப்பு, அப்புறம் இதய அறுவை சிகிச்சை. அதையும் தாண்டி 1983-ல் கருந்துளைகளின் கணிதம் பற்றிய தடித்த புத்தகம் வந்தது. அதே வருஷம் அக்டோபர் 19-ல், அவருடைய 73-வது பிறந்த நாளில், நோபல் பரிசு அறிவிச்சாங்க.

1995 ஆகஸ்ட் 21-ல் சிகாகோவில் இறந்தார். அந்த வருஷமும் ஒரு புத்தகம் வெளிவந்திருந்தது, நியூட்டனின் 'பிரின்சிபியா'வைப் பற்றி.

நாலு வருஷம் கழித்து, 1999 ஜூலை 23-ல், கொலம்பியா விண்கலம் ஓர் எக்ஸ்-ரே தொலைநோக்கியைச் சுமந்துகொண்டு கிளம்பியது. அதுக்கு நாசா வைத்த பேர் 'சந்திரா'. நிலா இருக்கிற தூரத்தில் மூணில் ஒரு பங்கு வரைக்கும் போய், ஏறத்தாழ 64 மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுத்தி வருது. அது பார்க்கிறதில் பாதி, வரம்பைத் தாண்டிச் சரிந்துபோன விண்மீன்களைத்தான்னு சொன்னா மிகைன்னு நினைக்காதீங்க, கொஞ்சம் மிகைதான்.