குன்னூரில் எலி வளர்த்த அறிஞர்

உடல்வன்மையும் குணமும் குலத்தின் வழியே வருவன என்பார் பலர். அவை உண்ணும் உணவினாலும் அமைவன என்பதைச் சிற்றுயிர்களைக் கொண்டு காட்டியவர் சேர் றொபேட் மக்கரிசன்.

இவர் 1878ஆம் ஆண்டில் அயர்லாந்தின் வடபாகத்திற் பிறந்தார். மருத்துவம் பயின்று 1901இல் இந்திய மருத்துவ சேவையிற் சேர்ந்தார். வடமேற்கு மலைநாடாகிய கில்கிற்றில் கழலை நோயை ஆராய்ந்தார். அங்கே நோயுற்றோரையும், அயலே உறுதி வாய்ந்த ஊன்சா மக்களையும் கண்டார். இவ்வேறுபாட்டிற்கு உணவு காரணமாகுமோ என்னும் ஐயம் அவருள்ளத்தில் வேரூன்றியது.

1918இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்ரர் நிலையத்தின் ஓர் அறையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1923இல் அரசினர் சிக்கனங் கருதி அதனை நிறுத்தினர். அவரோ தளர்ந்தாரல்லர், சில ஆண்டுகளில் மீண்டும் தொடங்கினார்.

இளம் எலிகளைக் கூட்டங்களாக வகுத்து, இந்தியாவின் வெவ்வேறு மக்கள் உண்ணும் உணவை ஊட்டி வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகிய சீக்கியர் உணவை உண்டவை சராசரி 235 கிராம் நிறை பெற்றன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பாலையும் காய்கறியையும் குறைவாகவும் கொண்ட சென்னை மாகாணத்து உணவை உண்டவை 155 கிராமே பெற்றன.

வேறொரு கூட்டத்திற்கு இங்கிலாந்தின் ஏழை மக்கள் உண்ணும் வெள்ளைப் பாண், மாஜரீன், சீனியிட்ட தேநீர், தகரத்திலடைத்த இறைச்சி முதலியவற்றை ஊட்டினார். அவ்வெலிகள் வளர்ச்சி குன்றின, நோயுற்றன. அம்மட்டோ? தம்மைப் பேணியவரையே கடித்தன. அறுபதாம் நாளளவில் வலியவை மெலியவற்றைக் கொன்று தின்னத் தலைப்பட்டன. நல்லுணவு உண்ட எலிகளோ ஒன்றோடொன்று இணங்கி வாழ்ந்தன.

எலியிற் கண்டதனைத்தையும் மனிதர்க்கு அப்படியே பொருத்துதல் தகாது. எனினும், மந்தனென்றும் முரடனென்றும் மாணாக்கனைக் கடியும் ஆசிரியர், அவன் காலையில் யாது உண்டான் என முதலில் வினவுதல் வேண்டும் என்பதை இவ்வாராய்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

மக்கரிசன் 1933இல் சேர் பட்டம் பெற்றார், 1935இல் ஓய்வுற்றார், 1960இல் மறைந்தார். அவர் தொடங்கிய ஆய்வுகூடம் 1958இல் ஐதராபாத்திற்குப் பெயர்ந்து, இன்று தேசிய போசணை நிறுவனமாக விளங்குகின்றது.

நெல்வயலும், எருமைத் தயிரும், கடல்மீனும் வாய்த்த குறிஞ்சாக்கேணி போன்ற ஊர்களுக்கு இவ்வரலாறு ஒரு படிப்பினை. ஊரில் விளைவது சந்தைக்குச் செல்லுமுன் சிறுவரின் கலத்திற்குச் செல்லட்டும். இளமையில் இழந்த ஊட்டத்தைப் பின்னர் முழுதும் ஈடுசெய்தல் அரிது.