புதுப்பாளையத்துக் குடில்

இராஜாஜி என்றதும் கவர்னர் ஜெனரல் பதவியும் கறுப்புக் கண்ணாடியுந்தான் நம் நினைவில் எழும். அப்பெருமகனார் நம் கொங்கு மண்ணில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், ஒரு சிறு குடிலில் வாழ்ந்ததை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

சேலத்தில் அவர் பெயர்பெற்ற வக்கீல். நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது வக்கீல் தொழிலை உதறினார். 1925 பிப்ரவரி 6-ஆம் நாள் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிற்று. திறந்து வைத்தவர் ஈரோட்டுப் பெரியார்! பிற்காலத்தில் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றதை அறிந்த நமக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

அது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் காட்டில் வேலை இல்லை; வேலை இல்லையேல் கூழும் இல்லை. ஆசிரமத்தார் பஞ்சு கொடுத்தனர். பெண்கள் இராட்டையில் நூற்றுக் கொண்டுவந்த சிட்டங்களுக்குக் கூலி தந்தனர். அந்நூல் நெசவாளர் கைபட்டுக் கதராயிற்று. கூலி சொற்பந்தான். ஆயினும் வறண்ட மாதங்களில் பல வீட்டு அடுப்பு அதனால் எரிந்தது.

தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் ஆசிரமத்தில் ஒன்றாகத் தங்கி ஒன்றாக உண்டனர். அக்கம்பக்கத்து ஊரார் முகம் சுளித்தனர். ஆசிரமத்தை ஒதுக்கியும் வைத்தனர். இராஜாஜி இணங்கவில்லை.

பெண்கள் நூற்றுச் சேர்த்த காசு கள்ளுக்கடைக்குப் போவதையும் அவர் அங்கேதான் கண்ணாரக் கண்டார். 1929-இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் இதழைத் தொடங்கினார். அதில் அவருக்குத் துணை நின்றவர் கல்கி. 1930-இல் வேதாரண்ய யாத்திரை அவரை அரசியலுக்கு இழுத்துச் சென்றது. எனினும் 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது, திருச்செங்கோடும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். சட்டத்தின் வேர் அக்குடிலில் இருந்தது என்பேன்.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. 1953-இல் அவரே முதலமைச்சராகக் கொண்டுவந்த கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மீதி நாள் பெற்றோரின் தொழிலிலும் பயில வேண்டும் என்றது. வக்கீல் தாமே விரும்பி இராட்டை சுற்றுவது வேறு; சக்கிலியர் வீட்டுப் பிள்ளையைச் செருப்புத் தைக்க அனுப்புவது வேறு. ‘குலக்கல்வி’ என்று நாடே எதிர்த்தது. 1954-இல் அவர் பதவி விலகினார். காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.