ஜமைக்காவின் ஆர்தர் விண்ட்

அந்நிய ஆட்சிக்கு உட்பட்டிருக்கும் ஒரு சிறு தேசம் தன் பெயரை உலகத்தார் அறியச் செய்வதற்கு வழி யாது? அதற்குச் சொந்தப் படை இல்லை, தூதர் இல்லை, பிற தேசங்களுடன் சரியாசனத்தில் அமர்ந்து பேசும் உரிமையும் இல்லை. அத்தகைய நிலையிலிருந்த ஜமைக்காத் தீவின் பெயரை, அதை ஆண்டவர்களின் தலைநகரான லண்டனிலேயே 1948-ம் வருஷத்தில் ஓங்கி ஒலிக்கச் செய்தவர் ஆர்தர் விண்ட். அவருடைய ஜீவிய சரித்திரம் ஓட்டப் பந்தயத்தில் பிரியமுள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று. தேச சேவையில் நாட்டமுள்ள ஒவ்வொருவரும் சிந்திக்கத்தக்கது.

ஜமைக்காவில் மான்செஸ்டர் என்று பெயர் வழங்கும் ஜில்லாவைச் சேர்ந்த பிளௌடன் என்ற ஊரில், 1920-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி அவர் பிறந்தார். ஆறடி ஐந்தங்குல உயரம். அதற்கேற்ற நீண்ட எட்டு. அவர் வாலிபப் பருவத்தை எய்திய காலம் அத்தீவின் விழிப்புக் காலமாகவும் இருந்தது. 1938-ல் கரும்புத் தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்து கிளர்ந்தெழுந்தனர். 1944-ல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆயினும் பூரண சுதந்திரம் இன்னும் தூரத்திலேயே இருந்தது.

இதற்கிடையில் உலக யுத்தம் மூண்டது. விண்ட் 1942-ல் விமானப் பயிற்சிக்காகக் கானடா சென்றார். பிறகு பிரிட்டிஷ் ஆகாய விமானப் படையில் விமானியாகப் பணியாற்றினார். சுதந்திரத்தைக் காப்பதற்கென்று நடத்தப்பட்ட யுத்தத்தில், சுதந்திரம் பெறாத நாட்டின் புதல்வர் தம் உயிரைப் பணயம் வைத்தார்! 1947-ல் படையை விட்டு விலகி, லண்டனில் செயிண்ட் பார்த்தலோமியூ வைத்தியசாலையைச் சார்ந்த கல்லூரியில் வைத்திய மாணவராகச் சேர்ந்தார்.

மறு வருஷம் லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. ஜமைக்கா தனிக் குழுவாகக் கலந்துகொண்டது அதுவே முதல் தடவை. ஆகஸ்டு 2-ந் தேதி நடந்த 800 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்கரான மால் விட்பீல்டுக்கு அடுத்தபடியாக வந்து விண்ட் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மூன்று நாள் கழித்து 400 மீட்டர் பந்தயம். அதில் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவர், உலக சாதனை படைத்திருந்த ஹெர்ப் மெக்கென்லி. அவரும் ஜமைக்காவின் மைந்தரே. மெக்கென்லி ஆரம்பத்திலேயே புயலெனப் பாய்ந்து முன் சென்றார். விண்ட் பதறவில்லை, தம் சக்தியை அளந்து செலவிட்டார். எல்லைக் கோட்டை நெருங்கும் தறுவாயில் மெக்கென்லியைத் தாண்டி, 46.2 வினாடியில் முதல்வரானார். ஜமைக்கா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் அதுதான். அன்று அத்தீவுக்கென ஒரு தேசிய கீதமும் இல்லை. அதே பந்தயங்களில், சுதந்திரம் பெற்று ஓராண்டேயான நம் பாரத நாட்டினர் ஹாக்கி ஆட்டத்தில் பிரிட்டனை 4-0 என்று வென்று மூவர்ணக் கொடி ஏறக் கண்டனர். அப்பேறு விண்டின் நாட்டுக்கு அப்போது கிட்டவில்லை.

வெற்றியின் பின்னே துன்பமும் வந்தது. நால்வர் ஓடும் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தின் இறுதியில், மூன்றாவதாக ஓடிய விண்டின் கால் தசை பிடித்துக்கொண்டது. அவர் ஓட இயலாமல் நின்றார். ஜமைக்கா பந்தயத்தை இழந்தது. தம்மால் தம் தோழர் மூவரும் தோற்றனர் என்ற எண்ணம் எவ்வளவு பாரமானது என்பதைப் பொதுக் காரியங்களில் உழைத்தவர்கள் அறிவார்கள்.

நான்கு வருஷம் கழிந்தது. 1952-ல் பின்லாந்தின் தலைநகரான ஹெல்ஸிங்கியில் அதே நால்வர் மீண்டும் நின்றனர்: விண்ட், லெஸ்லி லெயிங், மெக்கென்லி, ஜார்ஜ் ரோடன். விண்டுக்கு வயது முப்பத்திரண்டு. 800 மீட்டரில் மறுபடியும் விட்பீல்டுக்கு அடுத்த ஸ்தானமே கிடைத்திருந்தது. தொடர் ஓட்டத்தில் அவர் முதலாவதாக ஓடினார். மெக்கென்லி அபார வேகத்தில் ஓடி, அமெரிக்கருக்குப் பின்தங்கியிருந்த குறையை ஈடுசெய்தார். ரோடன் அந்த முன்னிலையைக் கடைசி வரை காத்தார். 3 நிமிஷம் 3.9 வினாடியில் புதிய உலக சாதனையுடன் ஜமைக்கா ஜயித்தது. அமெரிக்கரை வென்றது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கினால்தான்.

இவ்வளவோடு சரித்திரம் முடிந்திருந்தால் அவர் ஒரு சிறந்த ஓட்டக்காரர் மட்டுமே. 1953-ல் பந்தயங்களை விட்டு, வைத்தியப் பட்டமும் பெற்றார். 1954-ல் பிரிட்டிஷ் ராணியார் விருதளித்துக் கௌரவித்தார். புகழும் தொழிலும் கைவந்த அவர் லண்டனிலேயே சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1955-ல் தாய்நாடு திரும்பினார். ஹானோவர் என்ற ஜில்லாவில் குடியேறி, அங்கு வசித்த ஒரே வைத்தியராக ஏழை ஜனங்களுக்குச் சிகிச்சை செய்தார். அங்கே கைதட்டுவோர் கூட்டம் இல்லை; நோயாளிகளின் கூட்டமே இருந்தது.

1962 ஆகஸ்டு 6-ந் தேதி ஜமைக்கா சுதந்திரம் பெற்றது. 1974 முதல் 1978 வரை விண்ட் சுதந்திர ஜமைக்காவின் ஹை கமிஷனராக லண்டனில் இருந்தார். ஒரு காலத்தில் அடிமை நாட்டின் பிரஜையாக ஓடிய நகரத்தில், சம அந்தஸ்துள்ள தேசத்தின் பிரதிநிதியாக அவர் காலடி வைத்தார். 1992-ம் வருஷம் அக்டோபர் 19-ந் தேதி, ஜமைக்கா தன் தேசிய வீரர்களை நினைவுகூரும் தினத்திலேயே, அவர் காலமானார்.

ஒரு தேசத்துக்கு மகிமை தேடித் தருவது அரிய செயல். அம்மகிமையைத் தனக்கு மூலதனமாக்கிக் கொள்ளாமல், திரும்பி வந்து அதன் ஜனங்களுக்கு உழைப்பது அதனினும் அரிது. சுதந்திரம் பெற்ற நாடுகளில் கோஷம் அடங்கிய பிறகு செய்யவேண்டிய வேலையே அதிகம். அந்த நெடிய ஓட்டத்தை ஓடி முடித்தவர் ஆர்தர் விண்ட்.