வாழத் துணிந்த தமக்கையும் மீண்டு வந்த தம்பியும்



திருநாவுக்கரசு நாயனார் என்றதும் கல்லே தெப்பமாக மிதந்த அற்புதம்தான் நம் பிள்ளைகளுக்கு நினைவு வரும். அறநெறிப் பாடசாலையிலும் அதையே முதலில் சொல்லிக் கொடுக்கிறோம். கடலில் தள்ளப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே அவருடைய வீட்டில் நிகழ்ந்தவற்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆதலால் அடியேன் அதையே சற்று விரிவாக எழுத முற்பட்டேன்.

திருமுனைப்பாடி நாட்டில் திருவாமூரிலே, வேளாளர் குலத்தில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர்கள் திலகவதியாரும் மருள்நீக்கியாரும். 12 வயதளவில் திலகவதியாரைப் பல்லவனின் படைத்தலைவரான கலிப்பகையாருக்கு மணம் பேசினார்கள். திருமணம் நிறைவேறுமுன் கலிப்பகையார் போர்க்களம் போகவேண்டியதாயிற்று. அவர் திரும்புவதற்குள் தந்தையார் நோயுற்று இறந்தார். தாயாரும் உடன் உயிர் நீத்தார். அந்தத் துக்கம் ஆறுமுன்னரே கலிப்பகையார் போரில் மாண்ட செய்தியும் வந்தது.

தம்மை அவருக்கென்றே பெற்றோர் பேசி வைத்ததால், தம் உயிரும் அவருக்கே உரியது என்று திலகவதியார் சாகத் துணிந்தார். சிறுவனான தம்பி அவர் காலில் விழுந்து கதறினான். தாய் தந்தையர் போன பின்னும் தான் உயிரோடிருப்பது அக்காவை நம்பியே என்றும், அவர் போவாரானால் தானே முந்திப் போய்விடுவேன் என்றும் அழுதான். தம்பி வாழவேண்டுமென்பதற்காகத் திலகவதியார் தம் உயிரைத் தாங்கிக்கொண்டார். கோயிலில் அற்புதம் எதுவும் நிகழவில்லை, அசரீரி ஏதும் கேட்கவில்லை. ஒரு பிள்ளைக்குச் சோறு போட ஆள் வேண்டும் என்ற ஒரே காரணம்தான். குடும்பத்தில் பலரை ஒருசேர இழந்துவிட்டு, மிஞ்சிய பிள்ளைகளுக்காக மறுநாள் காலையில் அடுப்பு மூட்டிய தாய்மாரையும் சகோதரிகளையும் நம் நாட்டிலே நாம் அறிவோம்.

ஆனால் அதே துயரம் தம்பியை வேறு வழியில் கொண்டு சென்றது. உலகத்தின் நிலையாமையைச் சிறு வயதிலேயே கண்டுவிட்ட மருள்நீக்கியார் அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். அதிலும் அமைதி காணாமல் சமண சமயம் புகுந்து, பாடலிபுத்திரத்தில் (இன்றைய திருப்பாதிரிப்புலியூர்) தருமசேனர் என்ற பெயருடன் தலைவராக விளங்கினார். சமணர்கள் கொல்லாமை நோன்பும் கல்வியும் மிக்கவர்கள். அவர்களை இகழ்வது என் நோக்கமன்று. திலகவதியாரோ திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, திருவலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்து, தம்பியை மீட்டுத் தரும்படி நாள்தோறும் இறைவனிடம் இரந்தார்.

அப்போதுதான் தருமசேனரைச் சூலை நோய் பற்றியது. குடலை முறுக்கி எடுக்கும் வலி. மந்திரித்தும் மயிற்பீலியால் தடவியும் தணியவில்லை. அவர் தமக்கையாரிடம் ஆள் அனுப்ப, தாம் அங்கு வருவதற்கில்லை என்று அவர் மறுத்துவிட்டார். கடுமையான பதில்தான். வலி பொறுக்கமாட்டாமல், பாயுடையைக் களைந்து வெள்ளை ஆடை உடுத்து, இரவோடிரவாகப் பிறர் தாங்கிவர அவர் திருவதிகை போய்த் தமக்கையாரின் காலில் விழுந்தார். அம்மையார் ஒரு வார்த்தையும் குற்றமாகச் சொல்லவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்து, விடியற்காலை அலகும் சாணமும் ஏந்தித் திருப்பணிக்குப் போகையில் தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். சந்நிதியில் அவர் பாடிய முதல் பதிகத்தோடு சூலை தீர்ந்தது என்று சேக்கிழார் கூறுகிறார்.

பின்னர் பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்பு நீற்றறையில் 7 நாள் அடைத்ததும், நஞ்சூட்டியதும், யானையை ஏவியதும், கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளியதும் பெரியபுராணத்தில் உள்ளவை. உப்பளத்து வெயிலையும் கற்பிட்டிக் கடலையும் அறிந்த நமக்கு அவற்றின் கொடுமையை விளக்கத் தேவையில்லை. கரை சேர்ந்த இடம் கடலூருக்கு அருகே கரையேறவிட்ட குப்பம் என்று வழங்குகிறது. அம்மன்னனும் பிற்பாடு சைவனாகித் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயில் எடுத்தான். அவனே 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு.

முதுமையில் அப்பர் சுவாமிகள் கயிலை காணப் புறப்பட்டார். கால் தேய்ந்தபின் கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கையும் தேய மார்பால் ஊர்ந்தார், பின்னர் புரண்டார், அதுவும் இயலாமல் வழியிலே கிடந்தார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொல்லியும் இசையவில்லை. வயிற்று வலி தாங்காமல் இரவில் தமக்கையைத் தேடி ஓடிய அதே உடம்பு, இப்போது அழிந்தாலும் சரியென்று வழியில் கிடந்தது. அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி பெற்றார்.

பின் திருப்புகலூர் சேர்ந்து, எப்போதும் போல உழவாரம் பிடித்துப் புல் செதுக்கிக் கொண்டிருந்தார். உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் கிளம்பின. கல்லையும் அவற்றையும் ஒன்றாகவே வாரிக் குளத்தில் எறிந்தார். 81ஆவது வயதில் ஒரு சித்திரைச் சதயத்தன்று அங்கேயே இறைவன் திருவடி சேர்ந்தார்.