பரிஹாக்காத் தலைவர் தே விற்றி

நியூஸிலாந்திலே தரனாக்கி நாட்டில் மாவோரி குலத்திற் பிறந்தவர் தே விற்றியார். இளமையில் ஜெர்மன் பாதிரியாரொருவரிடம் கல்வி பயின்றும், தம் முன்னோர் மொழியையும் வழக்கையும் விட்டாரல்லர்.

1860இல் அங்கே நிலம்பற்றிப் போர் மூண்டது. 1863ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு, 1865இல் அரசினர் தரனாக்கியில் ஏறக்குறைய 12 இலட்சம் ஏக்கர் நிலத்தைப் பறிமுதல் செய்தனர். போர் செய்தார் நிலமும் செய்யாதார் நிலமும் ஒருங்கே போயின. நிலமிழந்தோர்க்குப் புகலிடமாகத் தே விற்றியாரும் தோகு என்பாரும் பரிஹாக்கா என்னும் ஊரை அமைத்து, அங்கே ஆயுதமெடுத்தலை விலக்கினர்.

1879இல் அரசினர் அயல்நிலங்களை அளந்து விற்க முயன்றபோது, மாவோரிகள் அவர் ஏவலால் வெள்ளையர் குடியேறிய நிலங்களை உழுதனர். பிடிக்க வந்தாரை எதிர்த்திலர். ஒருவர் சிறைபுக மற்றொருவர் ஏர்பிடித்தார். நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர், அவருட் பெரும்பாலோர்க்கு விசாரணையே நடந்திலது.

1881 நவம்பர் 5ஆம் நாள் ஏறக்குறைய 1600 படைஞர் ஊருட் புகுந்தனர். வாயிலில் அவர்களை எதிர்கொண்டோர் பாடிநின்ற சிறாரே. தலைவரிருவரும் சிறைப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன, பயிர்கள் அழிக்கப்பட்டன.

தே விற்றியார் வழக்கு விசாரணை முடியாமலே 1883இல் விடுதலைபெற்று மீண்டு, ஊரைப் புதுக்கினார். பின்னாளில் அங்கே மின்விளக்கும் எரிந்தது. ஆதலின் அவர் புதுமையை வெறுத்தாரல்லர். தம் மக்கள் நிலத்தையும் நெறியையும் அதற்கு விலையாகக் கொடுக்கவே மறுத்தார் என நாம் தெளிகின்றோம்.

1907இல் அவர் இறந்தார். அரசினர் பரிஹாக்காவுக்கு வந்து மன்னிப்புக் கேட்டது 2017இலேதான்.