பெட்டியில பணம் இருந்தும் இல்லைன்னு சொல்லக் கத்துக்கொடுத்தவர்

நம்ம சிலபஸ்ல ஒரே ஆள் ரெண்டு பாடத்துல வர்றார். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்ல குறுகிய பாதை அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்ல செமஃபோரும் பேங்கர்ஸ் அல்காரிதமும். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராதான் அவர்.

1930 மே 11, நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்தார். அப்பா வேதியியல் ஆசிரியர், அம்மா கணிதம் படித்தவர். லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும்போதே, 1952-ல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராமர் வேலையில் சேர்ந்தார். 1956-ல் வருங்கால மனைவியோட ஒரு காபிக் கடையில உட்கார்ந்திருந்தப்போ, பேனா பேப்பர் இல்லாம இருபது நிமிஷத்துல யோசிச்சதுதான் அந்தக் குறுகிய பாதை அல்காரிதம். மறுவருஷம் கல்யாணம். பதிவுப் படிவத்தில் தொழில் புரோகிராமர்னு எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாதுன்னு அலுவலகம் ஏத்துக்கல. இயற்பியலாளர்னு மாத்தி எழுத வேண்டியதாப் போச்சு.

1962-ல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார. அங்கே ஒரு சின்னக் குழுவோடு எலக்ட்ரோலாஜிகா எக்ஸ்8 கணினிக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினார். மெயின் மெமரி 32 ஆயிரம் சொற்கள், ஒரு சொல்லுக்கு 27 பிட். மொத்தமே 108 கிலோபைட் அளவுதான். இன்னைக்கு ஒரு போட்டோ அதுல அடங்கறதே கஷ்டம். அதுல பல புரோகிராம்கள் ஒரே நேரத்துல ஓடணும். இருக்கிறதை எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துட்டா, யாருமே வேலையை முடிக்க முடியாம எல்லாரும் நிப்பாங்க. இதுதான் டெட்லாக்.

அதுக்கு அவர் சொன்ன வழியை நம்ம ஊர் கணக்குல பார்க்கலாம். குயிலாப்பாளையத்துல இருந்து ஈசிஆர்ல வடக்கே போனா மரக்காணம் உப்பளம். அங்கே ஒரு வியாபாரி 10 லட்சம் வச்சு ரெண்டு பேருக்கு முன்பணம் தர்றார்னு வச்சுக்குவோம். உப்பு வாரி வித்தாதான் கடன் திரும்பும். முதல் ஆளுக்கு மொத்தம் 8 லட்சம் வேணும், 4 வாங்கிட்டார். ரெண்டாவது ஆளுக்கு 6 வேணும், 3 வாங்கிட்டார். பெட்டியில மிச்சம் 3. இப்போ முதல் ஆள் 1 லட்சம் கேட்கிறார். பணம் இருக்கேன்னு கொடுத்தா மிச்சம் 2. ரெண்டு பேருக்கும் இன்னும் 3 வேணும். ரெண்டு உப்பளமும் பாதியில நிக்கும், கொடுத்த பணமும் போச்சு. அதனால முதல் ஆளைக் காத்திருக்கச் சொல்லி, அந்த 3-ஐ ரெண்டாவது ஆளுக்கு ஒதுக்கணும். அவர் முடிச்சு 6-ஐத் திருப்பினா, முதல் ஆளுக்குத் தேவையான 4 தாராளமா இருக்கும்.

யாராவது ஒருத்தர் முடிக்கிற அளவுக்கு எப்பவும் கையில இருக்கணும். விஷயம் அவ்வளவுதான்.

இன்னைக்கு லினக்ஸ் இந்த அல்காரிதத்தை அப்படியே ஓட்டுறதில்லை, ஏன்னா எந்த ஆப்புக்கு அதிகபட்சம் எவ்வளவு வேணும்னு முன்கூட்டியே தெரியாது. ஆனா அதுவும் கொஞ்சம் மெமரியைத் தொடாம ஒதுக்கி வைக்குது. காரணம், மெமரியைக் காலி பண்றதுக்கே மெமரி வேணும். ஒரு பக்கத்தை டிஸ்க்குக்கு அனுப்பணும்னாகூட கெர்னலுக்குக் கொஞ்சம் இடம் தேவை. கடைசி பக்கம் வரைக்கும் ஆப்களுக்குக் கொடுத்துட்டா, காப்பாத்த வர்றவனுக்கே நிக்க இடம் இருக்காது. அதனால சாதாரண ஆப் கேட்டா அந்த ஒதுக்கீட்டுல கை வைக்க விடாது. கெர்னலோட அவசர வேலைக்கும், மெமரியை விடுவிக்கிற வேலைக்கும் மட்டும் திறக்கும். அடுத்த தடவை ஃப்ரீ மெமரி சும்மா கிடக்குதேன்னு தோணும்போது இதை நினைச்சுக்கோங்க.

டைக்ஸ்ட்ராவுக்கு 1972-ல் டூரிங் விருது கிடைச்சது. 1984-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டினுக்குப் போனார். கணினித் துறையில இருந்துக்கிட்டே பெரும்பாலும் ஃபவுண்டன் பேனாவாலதான் எழுதினார். 1300-க்கும் மேற்பட்ட குறிப்புகளுக்கு எண் போட்டு, நகல் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். 2002 ஆகஸ்ட் 6 அன்று, சொந்த நாட்டில் நூனன் என்ற ஊரில் காலமானார். புரோகிராமர்ங்கிறது ஒரு தொழிலான்னு இப்போ எந்த அலுவலகமும் கேட்கிறதில்லை.