டிஎன்ஏ ரகசியம்: ரோசலிண்ட் பிராங்க்ளின் யாரோடும் ஒத்துப்போகாதவரா? உண்மையில் நடந்தது என்ன?

ஆபீஸ்ல ஒருத்தர் தனியா உட்கார்ந்து வேலை பார்த்தா, நாலு பேரோடு சேர்ந்து டீ குடிக்கப் போகாம இருந்தா, கொஞ்ச நாளிலேயே அவருக்கு ஒரு முத்திரை விழுந்துவிடும். யாரோடும் ஒட்டாத ஆளு என்பதுதான் அது. அதுக்கப்புறம் அவர் என்ன செய்தாலும் அந்த முத்திரை வழியாகத்தான் பார்ப்பார்கள்.

இப்படி ஒரு முத்திரையை இறந்த பிறகும் பல ஆண்டுகள் சுமந்தவர் ரோசலிண்ட் பிராங்க்ளின். டிஎன்ஏ-வின் வடிவத்தைக் கண்டுபிடிக்க உதவிய புகழ்பெற்ற 'போட்டோ 51' இவருடைய ஆய்வில் எடுக்கப்பட்டது. 1962-ல் அந்தக் கண்டுபிடிப்புக்கு ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிரிக், மாரிஸ் வில்கின்ஸ் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது, பிராங்க்ளின் இறந்து 4 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1968-ல் வாட்சன் எழுதிய 'தி டபுள் ஹீலிக்ஸ்' என்ற புத்தகம் அவரைச் சிடுசிடுப்பான, கூட்டு வேலைக்கு ஒத்துவராத பெண்ணாகக் காட்டியது.

ஆனா அவர் வேலை பார்த்த மற்ற இடங்களைப் பார்த்தால் கதை வேற மாதிரி இருக்கு.

யார் இந்த ரோசலிண்ட்?

1920 ஜூலை 25 அன்று லண்டனில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் படித்தார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் நிலக்கரி ஆராய்ச்சிக்குப் போனார். நிலக்கரிக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை ஆராய்ந்து, 1945-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

பாரீஸ் நாட்கள்

1947-ல் பாரீஸில் ஓர் அரசு வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே ஜாக் மெரிங் என்பவரிடம் எக்ஸ்ரே படிகவியல் கற்றார். ஒரு பொருளின் மீது எக்ஸ்ரே கதிர்களைப் பாய்ச்சி, அவை சிதறி விழும் புள்ளிகளை வைத்து உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்குப் போடும் வேலை அது.

ஒட்டாத ஆளு என்று பெயர் வாங்கினவர் பாரீஸில் எப்படி இருந்தார் தெரியுமா? மதியம் ஆய்வகத்து ஆட்கள் மொத்தமாகச் சாப்பிடக் கிளம்புவார்கள். திரும்பி வந்து ஆய்வகக் குடுவையிலேயே காபி போடுவார்கள். அறிவியலும் அரசியலும் கலந்து சத்தமாக வாக்குவாதம் நடக்கும். அதில் ரோசலிண்ட் முன்னணியில் இருப்பார். காரசாரமாக மோதிவிட்டு, சாயங்காலம் சேர்ந்தே வெளியே போவார்கள். விட்டோரியோ லுசாட்டி என்ற சக விஞ்ஞானி வாழ்நாள் நண்பரானதும் இங்கேதான்.

ஒரு கருத்தை முகத்துக்கு நேராக எதிர்த்துப் பேசுவது அங்கே நட்பின் அடையாளம். அதே பழக்கத்தோடுதான் அவர் லண்டனுக்குத் திரும்பினார்.

கிங்ஸ் கல்லூரியில் என்ன பிரச்சினை?

1951 ஜனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். துறைத் தலைவர் ஜான் ராண்டல். வேலையில் சேரும் முன்பே ராண்டல் எழுதிய கடிதத்தில், டிஎன்ஏ-வின் எக்ஸ்ரே ஆய்வை ரோசலிண்டும் ரேமண்ட் காஸ்லிங் என்ற ஆராய்ச்சி மாணவரும்தான் செய்யப்போகிறார்கள் என்று சொல்லியிருந்தார்.

சிக்கல் என்னன்னா, அதே டிஎன்ஏ ஆய்வை ஏற்கெனவே நடத்தி வந்தவர் மாரிஸ் வில்கின்ஸ். காஸ்லிங்கும் அவரோடு வேலை செய்துகொண்டிருந்தவர்தான். இந்த ஏற்பாடு வில்கின்ஸுக்குச் சரியாகத் தெரிவிக்கப்படவே இல்லை. ரோசலிண்ட் வந்து சேர்ந்தபோது அவர் விடுமுறையில் இருந்தார். திரும்பி வந்தவர், தன் குழுவுக்கு உதவ ஆள் வந்திருக்கிறது என்று நினைத்தார். ரோசலிண்டோ இது தன் பொறுப்பில் விடப்பட்ட வேலை என்று நினைத்தார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. தெளிவாகச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. பல ஆபீஸ்களில் இன்றைக்கும் சண்டை இப்படித்தானே ஆரம்பிக்குது?

குணமும் ஒத்துப்போகவில்லை. வில்கின்ஸ் கூச்ச சுபாவி, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசவே தயங்குவார். ரோசலிண்ட் நேருக்கு நேர் கேள்வி கேட்பவர். பாரீஸில் நட்பாகத் தெரிந்தது லண்டனில் தாக்குதலாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லணும். கல்லூரியில் ஆண்களுக்கு மட்டுமான ஒரு சாப்பாட்டு அறை இருந்தது. ராண்டலின் துறையில் வேறு பெண் விஞ்ஞானிகளும் இருந்தார்கள், ஆண்-பெண் சேர்ந்து சாப்பிடும் அறையும் இருந்தது. அதனால் எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டிவிட முடியாது. ஆனாலும் சாப்பாட்டு மேஜையில்தான் பாதி விஷயம் பேசி முடிக்கப்படும் என்பது வேலைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும்.

கடைசியில் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஈரம் குறைந்த 'ஏ' வடிவ டிஎன்ஏ ரோசலிண்டுக்கு, ஈரம் கூடிய 'பி' வடிவம் வில்கின்ஸுக்கு. ஒரே கட்டடத்தில், ஒரே மூலக்கூறை ஆராயும் இருவர், நடுவில் மாட்டிக்கொண்ட காஸ்லிங்!

போட்டோ 51 எப்படி எடுக்கப்பட்டது?

டிஎன்ஏ இழையைச் சுற்றி ஈரப்பதத்தை மாற்றினால் அது நீண்டு மெலியும். அப்படி இரண்டு வடிவங்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டியவர் ரோசலிண்ட். உப்புக் கரைசல் வழியாக ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி ஈரப்பதத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தினார். 1952 மே மாதம் 60 மணி நேரத்துக்கும் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த படம்தான் போட்டோ 51. எடுத்தது காஸ்லிங், வழிகாட்டியவர் ரோசலிண்ட். நடுவில் எக்ஸ் வடிவத்தில் புள்ளிகள். சுருள் வடிவத்துக்கான அடையாளம் அது.

ஆனால் அது 'பி' வடிவம். தன் பங்கான 'ஏ' வடிவத்தின் கணக்கை முடிக்காமல் ஊகத்தில் மாடல் கட்ட ரோசலிண்டுக்கு விருப்பமில்லை. மாதக்கணக்கில் கையாலேயே கணக்குப் போட்டார். 'ஏ' வடிவம் சுருள் அல்ல என்று சொல்லி, 1952 ஜூலையில் காஸ்லிங்கோடு சேர்ந்து கறுப்பு பார்டர் போட்ட மரண அறிவிப்பு அட்டை ஒன்றையும் வேடிக்கையாகத் தயாரித்தார். இங்கே அவர் தடம் மாறினார். எதிரில் உட்கார்ந்து மறுத்துப் பேச, சம அந்தஸ்தில் ஒருவர்கூட இல்லை. காஸ்லிங் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மாணவர்தானே.

கேம்பிரிட்ஜில் நடந்தது

வாட்சனும் கிரிக்கும் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஒரே அறையில் இருந்தவர்கள். இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர்களும் தவறு செய்தார்கள். 1951 கடைசியில் அவர்கள் கட்டிய முதல் மாடல் மூன்று சுருள் கொண்டது. கிங்ஸ் கல்லூரியிலிருந்து வந்து பார்த்த ரோசலிண்ட், அது ஏன் நிற்காது என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

1953 ஜனவரி 30 அன்று கிங்ஸுக்கு வந்த வாட்சனிடம் வில்கின்ஸ் போட்டோ 51-ஐக் காட்டினார். ரோசலிண்டுக்கு இது தெரியாது. அடுத்து, கிங்ஸ் கல்லூரியின் ஆய்வுகளைத் தொகுத்த ஓர் அறிக்கை மேக்ஸ் பெருட்ஸ் வழியாக கேம்பிரிட்ஜ் ஜோடியின் கைக்குப் போனது. அதில் ரோசலிண்டின் அளவீடுகள் இருந்தன. அந்த எண்களைப் பார்த்ததும் இரண்டு இழைகளும் எதிரெதிர் திசையில் ஓடுகின்றன என்பது கிரிக்குக்குப் புரிந்தது. அவர் ஆராய்ந்துகொண்டிருந்த ஹீமோகுளோபின் படிகத்திலும் அதே மாதிரியான ஒழுங்கு இருந்ததுதான் காரணம்.

அதே அறையில் இருந்த ஜெர்ரி டோனஹ்யூ என்ற வேதியியலாளர் ஒரு விஷயம் சொன்னார். டிஎன்ஏ காரங்களின் வடிவம் பாடப்புத்தகங்களில் தப்பாக இருக்கிறது என்றார். அதைத் திருத்தி வைத்துப் பார்த்த பிறகுதான் ஜோடிகள் சரியாகப் பொருந்தின. பக்கத்து மேஜையில் அவர் இல்லாமல் போயிருந்தால் இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ!

அதே பிப்ரவரி மாதத்தில் ரோசலிண்டும் தன் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வடிவங்களுமே இரட்டை இழைச் சுருள்தான் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். காரங்கள் ஜோடி சேரும் விதம்தான் முக்கியமான பாக்கி. 1953 ஏப்ரல் 25 'நேச்சர்' இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. முதலில் வாட்சன்-கிரிக், கடைசியில் ரோசலிண்ட்-காஸ்லிங். படிப்பவர்களுக்கு அவர் ஏதோ ஆதாரம் மட்டும் கொடுத்தவர் போலத் தெரிந்தது. உரிய பெயர் கொடுக்காமல் ஒருவரின் உழைப்பை எடுத்துக்கொள்வதற்குக் குழுவேலை என்று பெயர் வைக்க முடியாதுங்க.

பர்க்பெக் கல்லூரி: கடைசி 5 ஆண்டுகள்

அந்தக் கட்டுரைகள் வெளியாகும் முன்பே, மார்ச் மாதத்தில் அவர் லண்டனிலேயே பர்க்பெக் கல்லூரிக்கு மாறிவிட்டார். ஜே.டி.பெர்னல் தலைமையிலான ஆய்வகம். பழைய கட்டடம். அவருடைய அறை மேல் மாடியில், எக்ஸ்ரே கருவி நிலவறையில். வசதியில் கிங்ஸின் பக்கத்தில்கூட வராது.

ஆனா அவர் வாழ்க்கையின் சிறந்த வேலை இங்கேதான் நடந்தது. புகையிலை மொசைக் வைரஸை ஆராய்ந்தார். ஆரோன் க்ளூக் என்ற இளம் விஞ்ஞானி சேர்ந்தார், பிறகு கென்னத் ஹோம்ஸ், ஜான் ஃபின்ச் என்ற மாணவர்கள். வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ புரத உறைக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்டினார். குழுவுக்கு நிதி வேண்டும் என்று பிரிட்டன் அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றார். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்திடமிருந்தும் நிதி வாங்கினார்.

இதைவிட ஆச்சரியம், கிரிக்கோடு ஏற்பட்ட நட்பு. கடிதம் எழுதி ஆலோசனை கேட்பார். கிரிக் தம்பதியோடு ஸ்பெயினில் சுற்றுலா போனார். 1956-ல் சினைப்பைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு அறுவை சிகிச்சை முடிந்ததும், கேம்பிரிட்ஜில் கிரிக் வீட்டில் தங்கித்தான் கொஞ்ச நாள் உடம்பு தேறினார்.

சிகிச்சைக்கு நடுவிலும் வேலையை விடவில்லை. 1958 ஏப்ரல் 16 அன்று, 37 வயதில் இறந்தார். மறுநாள் பிரஸ்ஸல்ஸில் உலகக் கண்காட்சி திறக்கப்பட்டது. அங்கே வைப்பதற்காக அவர் குழுவோடு தயாரித்த வைரஸ் மாடல், அவர் இல்லாமலே பார்வைக்கு வந்தது.

தன் உயிலில் ஆரோன் க்ளூக்குக்கு 3,000 பவுண்டு பணமும் தன் ஆஸ்டின் காரும் எழுதிவைத்திருந்தார். க்ளூக் வைரஸ் வேலையைத் தொடர்ந்தார். வாட்சனின் புத்தகம் வந்த அதே 1968-ல், ரோசலிண்டின் நோட்டுப் புத்தகங்களைப் பிரித்துப் படித்து, விடைக்கு அவர் எவ்வளவு பக்கத்தில் இருந்தார் என்பதை 'நேச்சர்' இதழில் எழுதியவரும் க்ளூக்தான். 1982-ல் க்ளூக்குக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. பரிசு ஏற்புரையில் தனக்கு வழிகாட்டியவராக ரோசலிண்டின் பெயரைச் சொன்னார்.